என் கைக்கு மட்டும் ஓடிய மேக்ரோ

மேக்ரோ என்றால் என்னவென்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். எக்செல்லில் ஒரு வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால், அப்புறம் பொத்தானை அழுத்தினால் போதும், கம்ப்யூட்டர் அதை அதே வரிசையில் செய்து முடிக்கும், இடையில் டீ குடிக்கப் போகாது, விடுப்பு எழுதிக் கொடுக்காது என்றேன். "அப்ப நீங்க வேலை பாத்த ஆபீசுல ஆளுகளுக்குப் பதிலா அதையே வச்சிருக்கலாம்ல?" என்றாள். பதில் சொன்னால் வம்பு என்று தோன்றும் கேள்வியைக் கோப்பில் வைத்து மூடிவிடுவது அரசுப் பணியில் வழக்கம்.

நான் கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விதி எண்ணைச் சொல்லாமல் தண்ணீர்கூடக் கேட்க மாட்டேன் என்று என் பிரிவில் பேசிக்கொள்வார்கள். அது கொஞ்சம் மிகை. அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியபோது, கூட வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் அதில் சீட்டு விளையாட்டு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். படித்த பாவத்துக்கு மேக்ரோ எழுதவும் கற்றுக்கொண்டேன். ஓய்வுக்குப் பிறகு விருதுநகர் வீட்டில் உட்கார்ந்து, செய்தித்தாளில் வரன் தேடும் விளம்பரங்கள் வரை படித்து முடித்துவிட்ட ஒரு காலையில், திருத்தங்கலில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் ஆள் அனுப்பினார். வாரத்தில் சில நாள் பஸ் ஏறிப் போய் அவருடைய ஆபீசில் கணக்கு வழக்குகளை ஒழுங்கு பண்ணித் தர வேண்டும். பதவிப் பெயர் ஆலோசகர். ஆலோசகருக்கு ஒரு நாற்காலி, ஒரு மேஜை, கேட்காமலே வரும் டீ. எனக்குக் குறையொன்றும் இல்லை.

ஆலை இருப்பது வெம்பக்கோட்டைப் பக்கம். ஆபீஸ் திருத்தங்கலில். எந்தக் கிடங்கில் எந்தச் சரக்கு எத்தனை பெட்டி இருக்கிறது என்ற விவரம் சாயங்காலம் ஆலையிலிருந்து சின்னச் சின்னக் கோப்புகளாக ஆபீசுக்கு வரும். அதையெல்லாம் ஒன்று சேர்த்து, உரிமத்தில் சொன்ன அளவைத் தாண்டவில்லையா, எந்த லோடில் எது ஏறுகிறது என்று பார்த்து, அன்றைய இருப்பு அறிக்கை தயாராக வேண்டும். அறிக்கை ஒத்துப்போனால்தான் கேட் பாஸ். கேட் பாஸ் இருந்தால்தான் லாரி ஆலையை விட்டு நகரும். கையால் போட்டால் பொழுது சாய்ந்துவிடும். அந்த வேலைக்கு நான் ஒரு மேக்ரோ எழுதிக் கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் முடித்துவிடும். முதலாளி அதைப் பார்க்க வெளியூர் வியாபாரிகளைக்கூட அழைத்து வந்தார்.

அதை ஓட்டுகிறவள் ஆபீசில் இருந்த பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். அவளுடைய அப்பாவும் அம்மாவும் வைப்பாற்றுப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். இவள் அதே கம்பெனி ஆலையில் பேக்கிங்கில் இருந்தாள். வேலை முடிந்து சிவகாசிக்கு பஸ் ஏறிப் போய்க் கம்ப்யூட்டர் படித்து, முதலாளியிடம் நேரே போய்க் கேட்டு ஆபீஸ் நாற்காலிக்கு வந்தவள். கோப்பை எங்கே வைத்தோம் என்று அவள் தேடி நான் பார்த்ததில்லை. என் பிரிவில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் முடி மிஞ்சியிருக்கும்.

ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் முதலாளி அவளுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். பழையது இரைச்சல் போட்டாலும் மேக்ரோவை ஓட்டியது. புதியது சத்தமே இல்லாமல் இருந்தது. மேக்ரோவையும் ஓட்டவில்லை. பொத்தானை அழுத்தினால் ஒரு கணம் திரை உறையும். ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கட்டம் தோன்றும். பிறகு எக்செல்லே மொத்தமாக மூடிக்கொள்ளும்.

அந்தக் கட்டத்தில் இருந்த வாசகம் நான் எழுதியது. பிழை ஏற்பட்டால் பாதி அறிக்கை வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக, 'பிழை. உரிய அலுவலரை அணுகவும்' என்று அறிவித்துவிட்டு எதையும் சேமிக்காமல் மூடிவிடும்படி முன்னெச்சரிக்கை செய்திருந்தேன். பணிக்காலம் முழுவதும் நான் மக்களுக்குச் சொன்ன வாசகம் அது. இப்போது உரிய அலுவலர் நானே என்பதால் அவள் எனக்குப் போன் போட்டாள்.

"சார், உங்க மேக்ரோ அப்படியே படுத்துக்கிருச்சு சார்."

"என்னம்மா சொல்லுது?"

"உங்களக் கூப்பிடச் சொல்லுது."

போனேன். பழுது பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அசலில் கை வைக்கக் கூடாது. முதலில் ஒரு நகல் எடுத்துத் தனியாக வைத்து, அந்த நகலில் சோதிக்க வேண்டும். அசல் கெட்டால் அழுதாலும் வராது. அதன்படி அவள் கோப்புகள் இருந்த இடத்தைத் திறந்து, மேக்ரோவும் சேர்ந்து இருந்த அன்றைய தேதி ஃபோல்டரை அப்படியே டெஸ்க்டாப்புக்கு நகல் எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். மேக்ரோ ஓடியது. அறிக்கை வந்தது. ஓர் எண் பிசகவில்லை. சோதனை முடிந்ததும் நகலை அழித்துவிட வேண்டும் என்பதும் முறைதான். அழித்தேன். "சரியாத்தான் இருக்கு, ஓட்டிக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். பஸ் ஆமத்தூரைத் தாண்டவில்லை, போன் வந்துவிட்டது. மறுபடி படுத்துக்கொண்டது.

அடுத்த தடவையும் அப்படியே. நான் உட்கார்ந்தால் ஓடும். எழுந்து அவள் உட்கார்ந்தால் மூடிக்கொள்ளும். மேக்ரோவுக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்த்தேன், கொடுத்திருந்தது. தேதியை நாள், மாதம் என்ற வரிசையில் வைத்திருக்கிறதா என்று பார்த்தேன். மேக்ரோவுக்குத் துணையாக வேண்டிய பகுதிகள் எல்லாம் புது இயந்திரத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரி பார்த்தேன். எக்செல்லையே கழற்றி மறுபடி ஏற்றினேன். கையேட்டில் இருந்ததில் எதையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பிறகு நகல் எடுத்துச் சோதித்தேன், ஒவ்வொரு தடவையும் பிரமாதமாக ஓடியது.

கேட் பாஸ் வாங்க ஆலையிலிருந்து பைக்கில் வரும் லோடு மேஸ்திரிக்கு இது நல்ல பொழுதுபோக்கு. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, "சார் பக்கத்துல நின்னா மிசினு பயந்துக்கிட்டு வேல பாக்குது. சார் அங்கிட்டுப் போனதும் சேட்டையப் போடுது. பேசாம சார் போட்டாவ ஒண்ணு மேல ஒட்டி வைங்க" என்பார்.

"ஒங்க போட்டாவ ஒட்டுனா அது கவர்மெண்டு நேரத்துக்குத்தான் வேல பாக்கும் சார்" என்று அவளும் சிரித்தாள். அது முதல் வாரம்.

இரண்டாவது வாரம் அவள் சிரிக்கவில்லை. சீசன் சூடு பிடித்திருந்தது. வடக்கே போகும் லாரிகள் ஆலைக்கு வெளியே வேப்பமரத்தடியில் வரிசையாக நின்றன. அவள் கையால் கூட்டிக் கழித்து அறிக்கை போட்டுக் கொடுத்தாள். தப்பில்லாமல்தான் போட்டாள். ஆனால் நேரம் ஆனது. டிரைவர்கள் மேஸ்திரியைத் திட்ட, மேஸ்திரி முதலாளியிடம் முறையிட, முதலாளி ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். யோசித்து யோசித்துத்தான் பேசுவார்.

"சார், நீங்க ஓட்டுனா ஓடுதுல்ல?"

"ஓடுது அண்ணாச்சி."

"அந்தப் புள்ள ஓட்டுனா ஓடல. மிசினு ஒண்ணுதான். ஃபைலு ஒண்ணுதான். அப்ப என்ன அர்த்தம்? கைதான். அதுக்குக் கை படியல. பேக்கிங்ல நல்லா இருந்த புள்ள. பழையபடி அங்கனயே போகட்டும். சம்பளத்துல கை வைக்க மாட்டேன். இங்கன வேற ஆளப் போட்டுக்கிருவோம். சீசன் நேரம், என்ன பண்ணச் சொல்றீக?"

சாட்சியத்தை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம். சாட்சியம் கொடுத்தவன் நான். முறைப்படி, பிசகில்லாமல், ஒவ்வொரு தடவையும்.

அவளுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. ஆபீசில் சுவருக்கு இரண்டு பக்கமும் காது. மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடும்மா என்றேன்.

"பேக்கிங்கு ஒண்ணும் கேவலமில்ல சார். அங்கன இருக்கவளுக எல்லாம் எங்க ஆளுகதான். ஆனா நான் அங்க இருந்த வரைக்கும் எங்கம்மா சாயங்காலமானா ரோட்டுக்கு வந்துருவா. நான் பஸ்ஸ விட்டு எறங்குற வரைக்கும் நின்னுக்கிட்டே இருப்பா. எங்கிட்டாவது டமால்னு கேட்டா அம்புட்டுதான், பக்கத்து வீட்டுக்காரிய இழுத்துக்கிட்டு ஓடியாந்துருவா. இந்த நாற்காலிக்கு வந்தப்பறந்தான் சார் அவ மத்தியானம் படுத்துத் தூங்குறா. மறுபடி அவள எப்படி ரோட்டுல நிப்பாட்டுறது?"

இதற்குக் கையேட்டில் ஒன்றும் இல்லை. "வெள்ளிக்கிழமை வர்றேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் போனபோது முதலாளியும் அங்கே இருந்தார். பூஜை முடித்துத் திருநீறோடு வந்தவர், ஆபீசிலேயே விவகாரத்தை முடித்துவிட வேண்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வாசல் நிலையில் மேஸ்திரி. நான் வழக்கம்போல் நகல் எடுக்க மவுசை நோக்கிக் கை நீட்டினேன்.

"சார், நீங்க தொடாதீக" என்றார் முதலாளி. "கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க. அது என்ன பண்ணுதுன்னு இன்னைக்கு நானும் பாத்துக்கிறேன். நீ ஓட்டும்மா."

அவள் கை தப்பு செய்வதைக் கண்ணால் பார்த்து முடிவு கட்டுவதுதான் அவருடைய எண்ணம். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். பிழை வந்தால் மூடிக்கொள்ளச் சொல்லி நான் எழுதியிருந்த வரியை மட்டும் எடுத்துவிடுகிறேன், அப்போதுதான் எங்கே நிற்கிறது என்று தெரியும் என்றேன். இதையாவது முதல் நாளே செய்திருக்கலாம். ஆனால் நகலில் பிழையே வராதபோது அந்த வரியைச் சந்தேகப்பட எனக்குக் காரணம் இருக்கவில்லை. அவள் வழக்கமாகத் திறக்கிற இடத்திலிருந்தே முந்தின நாள் கோப்பைத் திறந்தாள். நான் எட்டி அந்த வரியை எடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். அவள் பொத்தானை அழுத்தினாள்.

எக்செல் மூடவில்லை. மேக்ரோ ஒரு வரியில் நின்று, அந்த வரி மஞ்சளாக மின்னியது. கிடங்குக் கோப்புகளைப் போய் எடுத்து வா என்று சொல்லும் வரி. அம்புக்குறியை அதன்மேல் வைக்கச் சொன்னேன். எந்த இடத்துக்குப் போய் எடுக்கப் பார்க்கிறது என்பது சின்ன எழுத்தில் தெரிந்தது. டிரைவின் பெயர், ஒரு கோடு, பிறகு ஒரு கேள்விக்குறி, மறுபடி ஒரு கோடு, முந்தின நாள் தேதி.

"ஏம்மா, இந்தக் கேள்விக்குறி எப்படி வந்துச்சு?"

"கேள்விக்குறியா? நான் ஒண்ணும் போடலயே சார்."

"ஃபோல்டர் எல்லாம் எங்க வச்சிருக்க, காட்டு."

காட்டினாள். டிரைவில் மஞ்சளாக ஒரே ஒரு ஃபோல்டர். அதற்குள்தான் அவளுடைய தேதிகள் அத்தனையும். அந்த ஃபோல்டரின் பெயர் 'உ'.

புதுக் கம்ப்யூட்டர் வந்த அன்று, நல்ல நேரத்தில், முதல் வேலையாக அவள் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறாள். புதுக் கணக்கு நோட்டு என்றால் முதல் பக்கத்து உச்சியில் போட வேண்டும். கம்ப்யூட்டருக்கு உச்சி எது? யோசித்து, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்குச் சுழியையே பெயராக வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதன் கீழே வைத்துவிட்டாள். நான் எழுதிய மேக்ரோவில் இருந்தவை பழங்காலத்துக் கட்டளைகள். கோப்பைத் தேடிப் போகிற வழியில் தமிழ் எழுத்து எதிர்ப்பட்டால் அவற்றுக்குப் புரியாது, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடும். கேள்விக்குறி என்ற பெயரில் ஃபோல்டர் ஏது? அங்கேயே திகைத்து நின்றுவிடும். இது கையேட்டில் இருக்கிறது. நானும் படித்திருக்கிறேன்.

நான் ஓட்டினால் ஏன் ஓடியது என்பதும் அப்போதே விளங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் அந்தச் சுழியைத் திறந்து உள்ளே போய்த் தேதி ஃபோல்டரை மட்டும் டெஸ்க்டாப்புக்கு எடுத்து வந்து சோதித்தேன். மேக்ரோ தான் இருக்கும் இடத்திலேயே கோப்புகளைத் தேடும், டெஸ்க்டாப்பிலோ சுழி இல்லை. சுழியை நான் பார்க்காமல் இல்லை. எத்தனை தடவை அதன்மேல் சொடுக்கியிருப்பேன். குறிப்பேடு, வரைவு, விடுப்பு விண்ணப்பம் என்று எதை எழுதத் தொடங்கினாலும் மேலே அதைப் போட்டுப் போட்டே பழகியவன் நான். தாளில் இருக்கும் விளிம்புக்கோட்டை யாராவது எழுத்தென்று வாசிப்பார்களா? என் கண்ணுக்கு அது அப்படித்தான் இருந்திருக்கிறது.

முதலாளிக்கு விளக்கினேன்.

"அப்ப புள்ள மேல தப்பு இல்ல."

"இல்ல அண்ணாச்சி."

"கை நல்ல கைதான்."

"நல்ல கைதான்."

"பிள்ளையாரு மேலயும் தப்பு சொல்ல முடியாது" என்றார் மேஸ்திரி வாசலிலிருந்து. "அப்ப மிச்சம் இருக்கது நம்ம சார்தான்."

"நீ போயி லாரியப் பாருலே" என்றார் முதலாளி. ஆனால் மேஸ்திரி சொன்னதை அவர் மறுக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

பரிகாரம் சுலபம். ஃபோல்டரின் பெயரை ஆங்கிலத்தில் மாற்றினால் போதும். அவளிடம் அப்படித்தான் சொன்னேன். மவுசைத் தொட்டவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"போட்ட சுழிய எப்படி சார் அழிக்கிறது? சீசன் நேரத்துல?"

நான் முதலாளியைப் பார்த்தேன், வியாபாரி, நேரத்தின் அருமை தெரிந்தவர், ஒரு வார்த்தை சொல்லுவார் என்று. அவர் என்னை, நான் ஏதோ ஆலைக்குள் தீப்பெட்டியோடு நுழைந்துவிட்டதுபோலப் பார்த்தார்.

"அழிக்கவா? அதெல்லாம் வேணாம் சார். வேற வழி இருக்கும். ஒங்களுக்குத் தெரியாததா?"

இருந்தது. பழைய கட்டளைகளை எடுத்துவிட்டு, எல்லா மொழி எழுத்தும் தெரிந்த புதிய கட்டளைகளை அந்த இடங்களில் எழுத வேண்டும். பெயர் மாற்றுவது ஒரு நொடி வேலை என்றால் இது ஒரு மதியத்தைத் தின்கிற வேலை. அரசுப் பணியில் இப்படி ஒரு கோரிக்கை வந்திருந்தால் மேலிடத்து ஒப்புதல் கேட்டு ஒரு குறிப்பு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இங்கே மேலிடம் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருந்தது. அதற்கும் மேலிடம் ஃபோல்டராக இருந்தது.

ஆரம்பித்தேன். உள்ளதைச் சொன்னால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கட்டளை எந்தெந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று மேலிருந்து கீழே தேடிச் சொல்ல, நான் மாற்றிக்கொண்டே வந்தேன். இடையில் முதலாளி வீட்டிலிருந்து புளிச்சோறும் வடகமும் வந்தன. அவள் தன் டிபன் பாக்ஸையும் திறந்து எனக்குக் கத்தரிக்காய்க் கூட்டு வைத்தாள். "சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க சார், நான் அடிக்கிறேன்" என்று விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கடைசிப் பாதி மேக்ரோவை நான் வடகம் கடித்துக்கொண்டே சொல்லத்தான் செய்தேன், தட்டெழுதியது முழுக்க அவள்தான்.

சாயங்காலம் கிடங்குக் கோப்புகள் வந்து சேர்ந்தன. அவள் அவற்றைத் திருத்திய மேக்ரோவோடு சுழிக்குள், அன்றைய தேதிக்குள் வைத்தாள். இந்தத் தடவை நான் நகல் எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொள்ள யாரும் சொல்லவில்லை, நானே கட்டிக்கொண்டேன். அவள் பொத்தானை அழுத்தினாள். திரை ஒரு கணம் உறைந்தது. பிறகு அறிக்கை வரி வரியாக இறங்கியது. கூட்டுத்தொகை கிடங்கோடு ஒத்துப்போனது. அவள் மறுபடி ஒரு தடவை ஓட்டினாள். அதுவும் ஓடியது. மூன்றாவது தடவை ஓட்டப் போனவளை, "போதும்மா, லாரிக்காரன் காத்துக்கிட்டு இருக்கான்" என்று முதலாளி தடுத்தார்.

மேஸ்திரி கேட் பாஸை வாங்கிக்கொண்டு திரும்பியபோது முதலாளி கூப்பிட்டார்.

"ஏலே, பேக்கிங்குக்கு ஆள் வருதுன்னு சொல்லி வச்சேன்ல, அது இல்லன்னு சொல்லிரு. அப்படியே எலெக்ட்ரீசியன வரச் சொல்லு. இந்தப் புள்ள சீட்டுக்கு மேல ஒரு ஃபேன் மாட்டணும். வேர்த்து வடியுது, பாரு."

அவர் கிளம்பிப் போன பிறகு அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "சார், ஃபேன் மாட்டுனா அப்ப நான் இங்கனதான, சார்?"

நியமன உத்தரவுகள் ரத்தாகிப் பார்த்திருக்கிறேன். பதவி உயர்வுகள் திரும்பப் பெறப்பட்டதையும் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய நாற்காலிக்கு மேல் ஃபேன் மாட்டிய பிறகு அந்த ஆளை மாற்றியதாக என் பணிக்காலத்தில் ஒரு முன்னுதாரணமும் இல்லை. அதை அவளிடம் சொன்னேன்.

அடுத்த தடவை நான் போனபோது எலெக்ட்ரீசியன் ஏணிமேல் நின்று கூரையில் துளை போட்டுக்கொண்டிருந்தார். சுண்ணாம்புத் தூள் புதுக் கம்ப்யூட்டர் மேலும் மேஜை மேலும் அவள் தலை மேலும் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியை விட்டு எழாமல், முந்தானையால் விசைப்பலகையைத் துடைப்பதும் அன்றைய லோடுக் கணக்கை அடிப்பதுமாக இருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரலாம்லம்மா?"

"இருக்கட்டும் சார்" என்றாள். "அவுக எனக்கு நேரா மேல மாட்டணும்ல."